ஐயப்புள்ளி ஐம்பது

காலை ஏழு மணிக்குக் கருப்பட்டிக் காப்பியை மேசையில் வைத்ததும் ஜெசிந்தா முதலில் பார்ப்பது பதினெட்டுப் பச்சைப் புள்ளிகளை. சுவர்த்திரையில் அவை வரிசையாக எரியும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆட்டக்காரர். எடை, துடிப்பு, வேகம் எல்லாவற்றையும் அளக்கும் அளவைச் சட்டையை முந்தைய நாள் மதியம் ஒன்று முதல் மாலை ஏழு வரை ஆறு மணி நேரமும் அணிந்திருந்தால் பச்சை; ஒரு நிமிடம் குறைந்தாலும் சிவப்பு. விடுமுறையிலும் சட்டை அணிய வேண்டும் என்ற விதி இந்த ஆண்டுதான் வந்தது. மற்றக் கல்லூரிகளின் திரைகள் அம்மை கண்ட உடம்பு போலச் சிவந்து கிடக்க, பாலையடித்துறை மீன்வளக் கல்லூரியில் ஜூன் முதல் தேதியிலிருந்து ஒரு சிவப்புகூட விழவில்லை. உடற்கல்வி ஆசிரியையான ஜெசிந்தாவுக்கு அதில் கொஞ்சம் கர்வம்தான்.

அடுத்தது செய்தி. ஆட்டம் இல்லாத மாதங்களில்தான் கல்லூரிக் கால்பந்துச் செய்திகள் அதிகம். மேற்கே ஒரு கல்லூரி, தன் முன்கள வீரர்களுக்குத் தேர்வுத் தாளை முந்தைய நாளே கொடுத்து மாட்டிக்கொண்டது. இன்னொரு கல்லூரியின் பயிற்சியாளர் எதிரணியின் பயிற்சியை ஆளில்லா விமானம் விட்டுப் படம் பிடித்தார். அந்த விமானத்தைப் பருந்து தூக்கிக்கொண்டு போனதால் குட்டு உடைந்தது. ஆனால் எல்லாச் செய்திகளுக்கும் அடியில் ஓடிய கேள்வி ஒன்றே: ஞாயிறு மாலை ஏழு மணி யாருக்கு? தொலைக்காட்சியின் அந்த ஒன்றரை மணி நேரத்தில் மாநிலமே திரை முன் உட்காரும். அதை யாருக்குக் கொடுப்பது என்று மனிதர்கள் முடிவு செய்வதை நிறுத்திப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

முடிவு செய்வது முன்கணிப்பி என்ற இயந்திரம். கடற்கரைப் பகுதி நீங்கலாக மற்ற இடங்களில் திறந்தவெளியில் ஓடி ஆட முடியாதபடி வெயில் ஏறிவிட்ட காலம் அது. லீக் ஆட்டங்கள் குளிர்க்கூரை அரங்குகளில் மட்டுமே நடந்தன. ஓர் அரங்கைத் தொண்ணூறு நிமிடம் குளிர்விக்கத் தேவையான மின்சாரத்தில் ஒரு சிற்றூர் ஒரு நாள் வாழும். ஆகவே முடிவு தெரிந்த ஆட்டத்தை எதற்கு நடத்துவது என்று கால்பந்து வாரியம் கேட்டது. நியாயமான கேள்விதான். சட்டைகள் தரும் அளவுகளைப் படித்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்கணிப்பி ஓர் ஐயப்புள்ளி போடும். முடிவு முற்றிலும் தெரிந்தால் பூஜ்யம். எதுவும் நடக்கலாம் என்றால் ஐம்பது. அதிகப் புள்ளி பெற்ற ஆட்டத்துக்கு ஞாயிறு ஏழு மணி. பத்துக்குக் குறைந்தால் ஆட்டமே கிடையாது. முடிவைப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள்.

பாலையடித்துறையின் புள்ளி இரண்டு.

ஆண்டுக்குப் பதினான்கு ஆட்டம் வீதம், நான்கு ஆண்டுகளில் ஐம்பத்தாறு ஆட்டங்களில் அந்த அணி தோற்றிருந்தது. ஒன்றில்கூடப் பந்தைத் தொடவில்லை. ஐந்தாவது ஆண்டும் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்காவிட்டால் அணி கலைக்கப்படும் என்பது விதி. இது ஐந்தாவது ஆண்டு. அட்டவணை ஆகஸ்ட் முதல் தேதி வெளியாகும்.

ஜூலை மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, காப்பி ஆறுவதற்குள் வாரியத்தின் ஆய்வாளர் வந்து நின்றார். பெயர் இளவெயினி. முன்னறிவிப்பு இல்லை; குடையில் சாரல் சொட்டியது.

"உங்க நாலாம் நம்பர் யாரு டீச்சர்?"

"ஸ்டானிஸ். கேப்டன். கடைசி வருஷம்."

"எடை?"

"அறுபத்து மூணு."

"ஜூன் பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தொண்ணூத்தஞ்சு. ஏழு மணிக்கு மறுபடி அறுபத்து மூணு." இளவெயினி கைத்திரையைப் புரட்டினார். "ஒன்பதாம் நம்பர் ஒரே இடத்துல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கார். ஆனா கை நிக்கவே இல்ல, இதயத் துடிப்பு நூத்தி முப்பது. வலிப்பா இருக்குமோன்னு எங்க டாக்டர் பயந்துட்டார். பதினோராம் நம்பர் மணிக்கு நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துல ஓடியிருக்கார். உலகத்துல எந்த மனுஷனாலும் முடியாத வேகம்."

ஜெசிந்தா காப்பியைத் தள்ளி வைத்தாள். பச்சைப் புள்ளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

"அளவை மோசடின்னு புகார் பதிவாகியிருக்கு," என்றார் இளவெயினி. "நிரூபணமானா மூணு வருஷத் தடை. உப்புக் காத்துல சட்டை பழுதாயிருந்தா அதையும் சொல்லலாம். அப்ப போன வருஷக் கணக்கையே எடுத்துப்போம்."

போன வருஷக் கணக்கு என்றால் இரண்டு. ஆட்டம் இல்லை, அணி கலையும். மோசடி என்றாலும் கலையும். எப்படியும் கலையத்தான் போகிறது என்றால் பொய் சொல்லிக் கலைவானேன் என்று நினைத்துக்கொண்டாள் ஜெசிந்தா.

"பழுது இல்ல மேடம். சட்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரியாது. சாயங்காலம் அஞ்சு மணிக்குன்னு சொன்னீங்கல்லா? அந்த நேரம் கடற்கரைக்குப் போய்ப் பாப்போம். ரெண்டு பேருமா."

ஜூன், ஜூலை இரண்டும் அந்தக் கரைக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆழ்கடலில் மாதக்கணக்காகக் கிடக்கும் படகுகள் எல்லாம் கரைக்கு வந்து, ஊரில் ஆண்கள் நிறைந்திருக்கும் மாதங்கள் அவை மட்டுமே. தினமும் மாலை ஐந்து மணிக்குக் கல்யாணம் ஆனவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஈரமணலில் பந்தாட்டம் நடக்கும். ஊரே வந்து உட்கார்ந்து ஏசும்.

அவர்கள் போனபோது ஆட்டம் சூடுபிடித்திருந்தது. ஜெசிந்தாவின் மாணவர்கள் எல்லாரும் ஆகாதவர்கள் பக்கம் பழைய பனியனில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அளவைச் சட்டைகள் பதினெட்டும் கரையில் இருந்தன. ஆனால் காலியாக இல்லை. நான்காம் எண் சட்டை, ஸ்டானிஸின் தாய்மாமன் சூசையின் தொந்தியில் விம்மிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் எண் சட்டையில் ஒரு மாணவனின் அம்மா தாயக்கட்டையை உருட்டியபடி எதிராளியோடு மல்லுக்கு நின்றாள். பதினோராம் எண் சட்டை அலையை விரட்டிக்கொண்டு ஓடியது. அதற்கு வாலும் இருந்தது.

"அது நாயாக்கும்," என்றார் சூசை, ஆய்வாளர் பார்வை போன திசையைப் பார்த்து. "நல்ல ஓட்டம். கேட்டியளா?"

"ஸ்டானிஸ்!" என்று கத்தினாள் ஜெசிந்தா. "இங்க வாலே!"

பந்தை அப்படியே விட்டுவிட்டு, மூச்சு வாங்க அவன் வந்தான். ஆய்வாளரின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"சட்டையில உப்புத்தண்ணி படக்கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னிய. அதுனால கழத்திருவோம். கழத்துனா அந்த ஆறு மணி நேரத்துல குறையும். சிவப்பு விழுந்தா நீங்க வருத்தப்படுவிய. அதான் சும்மா இருக்கவங்ககிட்ட போடச் சொல்லிட்டு..."

"சும்மாவா இருக்கேன்?" என்றார் சூசை. "ரெண்டு மாசமா மூச்சு முட்டிச் சாவுறேன். ஊருக்காகச் செய்யிற தியாகமாக்கும் இது."

"மாமா, செத்த நேரம் சும்மா இரியும்!"

இளவெயினி சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார் என்பது தெரிந்தது. ஆனால் குரல் அலுவலகக் குரலாகவே இருந்தது. "தம்பி, ஒரே ஒரு கேள்விதான். உங்க புள்ளி ஏறணும்னு இதைச் செஞ்சீங்களா? அப்படின்னா அது மோசடி. இல்லேன்னா கவனக்குறைவு. நான் எதை நம்பி எழுதுறது?"

ஸ்டானிஸ் கையிலிருந்த மணலைத் தட்டினான்.

"மேடம், நான் சேந்து நாலாவது வருஷம். வருஷா வருஷம் ரெண்டு புள்ளி. நாங்க எவ்வளவு ஓடுனாலும் ரெண்டு. படுத்துக் கிடந்தாலும் ரெண்டு. அந்த மெஷின் எங்களைப் பாக்குதுன்னே நாங்க யாரும் நெனைக்கல. பாக்குதுன்னு தெரிஞ்சிருந்தா மொத வருஷமே நாய்க்குச் சட்டை போட்டிருப்போம்லா."

பின்னால் தாயம் உருண்ட சத்தம் கேட்டது. பிறகு இளவெயினி சிரித்தார். அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்ததால், கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. "இதைவிட நல்ல சாட்சியம் என் சர்வீஸ்ல வாங்கினதில்ல," என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரமணலில் உட்கார்ந்து ஆட்டம் முடியும்வரை பார்த்தார். கல்யாணம் ஆகாதவர்கள் மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தார்கள். மூன்றாவது கோலை ஸ்டானிஸ், ஒரு நண்டு வளையில் கால் இடறி விழுந்தபடியே அடித்தான்.

போகும்போது அவர் சொன்னது: "கவனக்குறைவுன்னு எழுதுறேன். கண்டனக் கடிதம் வரும். இந்த வருஷ அளவு மொத்தமும் ரத்து. சட்டை பழுதில்லாததால போன வருஷக் கணக்கையும் எடுக்க முடியாது."

"அப்ப எங்களுக்கு என்ன புள்ளி?"

"எனக்குத் தெரியாது டீச்சர். இப்படி ஒரு வழக்கு இதுவரைக்கும் வந்ததில்ல. 'அளவு இல்லை'ன்னு எழுதி அனுப்புவேன். மிச்சம் மெஷின் பாடு."

அடுத்த பத்து நாட்கள் ஜெசிந்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. அளவு இல்லை என்றால் அணி இல்லை என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளுமோ? பூஜ்யம் போடுமோ? வாரியத்துக்குப் போன் செய்தால் அங்கும் யாருக்கும் தெரியவில்லை. தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் 'பாலையடித்துறை நாய் ஊழல்' என்று பெயர் வைத்தார். ஊரில் சில பேர் அந்த நாய்க்கு மாலை போட்டார்கள்.

ஆகஸ்ட் முதல் தேதி மாலை ஆறு மணிக்குக் கல்லூரி அரங்கில் எல்லாரும் கூடினார்கள். தடைக்காலம் முடிந்திருந்தும் படகுகள் புறப்படவில்லை. அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போவது என்று சூசை அறிவித்திருந்தார். திரையில் செய்தி வாசிப்பவர் முதல் ஞாயிறை வாசித்தார்.

"ஞாயிறு, ஏழு மணி. பாலையடித்துறை மீன்வளக் கல்லூரி, நடப்புச் சாம்பியனுடன் மோதுகிறது. ஐயப்புள்ளி... ஐம்பது."

யாரும் கத்தவில்லை. தவறாகக் கேட்டுவிட்டோம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அடுத்த ஞாயிறு: பாலையடித்துறை, ஐம்பது. அதற்கடுத்த ஞாயிறு: பாலையடித்துறை, ஐம்பது. செய்தி வாசிப்பவருக்கே குரல் தடுமாறியது. பதினான்கு ஞாயிறும் பாலையடித்துறைதான். பெரிய கல்லூரிகள் இரண்டு மோதும் ஆட்டம், கூட்டம் கூட்டமாக ரசிகர்கள் ஆண்டு முழுக்கக் காத்திருக்கும் ஆட்டம், புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் போயிருந்தது.

காரணத்தைத் திரையில் ஒரு நிபுணர் வந்து விளக்கினார். இயந்திரத்தில் பிழை எதுவும் இல்லை. ஓர் அணியைப் பற்றி ஒன்றுமே தெரியாதபோது, அது வெல்லுமா தோற்குமா என்பதற்கு நேர்மையான விடை பாதிக்குப் பாதி; முன்கணிப்பி நேர்மையானது. அரங்குகளுக்கான மின்சாரம் ஒதுக்கியாயிற்று. பருவம் முடியும்வரை அட்டவணை மாறாது. அவர் இன்னும் என்னென்னவோ சொன்னார். அரங்கில் எழுந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. சூசை யாரையோ தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். இறக்கிவிட்ட பிறகுதான் அது கல்லூரி முதல்வர் என்று தெரிந்தது.

அரை மணி நேரத்தில் ஜெசிந்தாவின் போன் அடித்தது. சாம்பியன் கல்லூரியின் பயிற்சியாளர். நான்கு ஆண்டுகளாக அவள் பெயர்கூடத் தெரியாதவர், மிகவும் பணிவாகப் பேசினார்.

"டீச்சர், உங்க நாலாம் நம்பர் எந்தக் கால்ல அடிப்பார்?"

"நேர்ல பாத்துக்குங்க சார்," என்றாள் ஜெசிந்தா. இப்படி ஒரு வாக்கியத்தைத் தன் வாழ்நாளில் சொல்லுவோம் என்று அவள் நினைத்ததில்லை.

அன்றே இன்னொரு செய்தியும் வந்தது. மாநிலத்தில் ஏழு கல்லூரிகளில் அளவைச் சட்டைகள் காணாமல் போய்விட்டன. ஒன்றில் எலி கடித்ததாம். வாரியம் அவசரக் கூட்டம் போட்டிருக்கிறது. இளவெயினிக்கு இனி ஓயாத வேலைதான்.

வெளியே வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. மைதானத்தில் பதினெட்டுப் பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் ஆடும் பதினோரு பேர், யார் வெளியே உட்காரும் ஏழு பேர் என்ற சண்டை. இத்தனை ஆண்டுகளில் அந்தச் சண்டைக்கு வேலையே இருந்ததில்லை. கோல்கீப்பர்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கோல்கம்பத்தை விட்டுத் தள்ளினார்கள். ஒரு பெண் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன்னைச் சேர்க்காவிட்டால் தரமாட்டேன் என்று நின்றாள்.

ஸ்டானிஸ் மட்டும் தனியாக வந்தான். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவன் முகம் போலிருந்தது அவன் முகம்.

"டீச்சர்."

"என்னல?"

"தோத்துருவோமோ?"

ஜெசிந்தா அவனைப் பார்த்தாள். நான்கு ஆண்டுகளில் ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. கேட்க அவசியமே இல்லாமல் இருந்த கேள்வி.

"தோக்கலாம்," என்றாள்.

அவன் அதைக் கொஞ்சம் மென்று பார்த்தான். "மாநிலமே பாக்கும்."

"பாக்கும்."

"பயமா இருக்கு டீச்சர்," என்றான் ஸ்டானிஸ். சொல்லச் சொல்ல அவன் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. பிறகு திரும்பி, "எலேய், எனக்குப் பயமா இருக்குலேய்!" என்று கத்திக்கொண்டே கூட்டத்தை நோக்கி ஓடினான். அந்தப் பக்கத்திலிருந்து பதினேழு குரல்கள், தங்களுக்கும்தான் என்று கத்தின.