அம்மையப்பன் வெட்டிய இதழ்கள்

வளைகுடா நாட்டில், முவைலா என்ற இடத்தில் இருக்கும் எங்கள் கல்யாண அலங்காரக் கம்பெனிக் கிடங்குக்கு அன்று பகல் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். வாசல் காவலர் ஹஸ்னைன் பாய் சாவியைத் தந்துவிட்டு, தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினார். வேண்டாமென்று தலையசைத்து உள்ளே போனேன்.

ஜன்னல் இல்லாத நீளக் கிடங்கு. ஆள் நடக்கும் இடத்தில் மட்டும் விளக்கு எரியும். ஆள் நகர்ந்ததும் தானே அணைந்துவிடும். இரண்டு பக்கமும் கல்யாண மேடைச் சாமான்கள். கடைசியில், இருட்டுக்குள், அந்தச் செர்ரி மரம்.

நிஜ மரமல்ல. காய்ந்த கிளைகளை இரும்புத் தண்டில் பொருத்தி, துணிப் பூக்களை ஒட்டிச் செய்தது. இங்கே பெரிய கல்யாணங்களில் மணமக்கள் இதன் கீழே உட்காருவார்கள். இதைச் செய்வதில் அம்மையப்பன் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. சிவகங்கைப் பக்கத்துக்காரர், என் ரூம்காரர். பெட்டியில் வரும் துணி இதழ்களின் நுனி உருண்டையாக இருக்கும். நிஜ செர்ரி இதழின் நுனியிலோ ஒரு சின்னப் பிளவு உண்டு. அண்ணன் ஒவ்வோர் இதழையும் எடுத்து, சிறு கத்தரியால் நுனியில் ஒரு வெட்டு வெட்டுவார். ஆயிரக்கணக்கான இதழ்கள்.

"இதை யாருண்ணே கிட்ட வந்து பாக்கப் போறா?" என்பேன்.

"பொண்ணு அண்ணாந்து பாக்கும்ல, தம்பி."

ஜப்பானிலிருந்து வந்த ஒரு அம்மா சொன்னதை அவர் எப்போதும் சொல்லிக்கொண்டே இருப்பார். "வருசத்துக்கு ஒரு வாரந்தான் பூக்குமாம். ஊரே மரத்தடியில விரிச்சு உக்காந்து, கூடிச் சாப்பிடுமாம். பூ உதிர்றதைப் பாக்கவே போவாங்களாம்டா."

"நம்ம ஊர்ல மரத்தடியில உக்காந்தா பேய்தானண்ணே பிடிக்கும்?"

"உன்னைய பிடிச்சா அது பாவம்டா."

அப்போது சிரித்தேன். ஆனால் எனக்குள் ஒரு புழு இருந்தது. மேனேஜர் வெங்கட்ராமன் சார், அல் ஐன் நகரத்தில் நடக்கவிருந்த ஒரு கல்யாணத்துக்கு இந்த மரத்தைச் செய்பவரை மார்ச் கடைசியில் ஜப்பானுக்கு அனுப்பி நிஜப் பூவைப் பார்த்துவரச் செய்வதாகச் சொல்லியிருந்தார். அண்ணன் அன்றே ஊருக்குப் போன் போட்டுச் சொன்னார். அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குக் கசந்தது. பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். மரம் பாதி முடிந்திருந்தது.

"யார் செஞ்சது இது?" என்று சார் கேட்டார்.

"நான்தான் சார். அண்ணன் கூடமாட உதவினார்" என்றேன்.

செத்தவர் மறுத்துப் பேசப்போவதில்லை என்ற தைரியம். ஜப்பான் பயணம் என் பெயருக்கு மாறியது.

மிச்சப் பாதியை முடிக்கத்தான் அன்று போனேன். இதழ்களை வெட்டப் பொறுமையில்லை. உருண்டையாகவே ஒட்டிக்கொண்டு போனேன்.

சிக்.

கையை நிறுத்தினேன்.

சிக்... சிக்...

கத்தரிச் சத்தம். மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து. அண்ணனுடைய கத்தரியை அவர் துணிமணிகளோடு அட்டைப்பெட்டியில் வைத்து, நானே நாடா ஒட்டி ஊருக்கு அனுப்பியிருந்தேன்.

சுற்றிப்போய்ப் பார்த்தேன். யாருமில்லை. கோடாலித் தைலத்தின் வாசனை மட்டும் இருந்தது. அண்ணன் தலைவலிக்குத் தடவுவது.

வெளியே வந்தபோது ஹஸ்னைன் பாய் கேட்டார். "உள்ளே போனது நீ ஒருத்தன்தானே? வாசல் வழியாகப் பார்த்தேன், இரண்டு இடத்தில் விளக்கு எரிந்ததே?"

மறுநாள் போனபோது நான் ஒட்டிய பூக்கள் அத்தனையும் தரையில் கிடந்தன. அண்ணன் செய்திருந்த பாதியில் ஒன்றுகூட உதிரவில்லை. குனிந்து ஒரு பிடி அள்ளினேன்.

ஒவ்வோர் இதழின் நுனியிலும் ஒரு வெட்டு.

எனக்குப் பின்னால் கிடங்கு முழுக்க இருட்டாகியிருந்தது. வாசல் பக்கம் முதல் விளக்கு எரிந்தது. யாரும் வரவில்லை. அடுத்த விளக்கு எரிந்தது. பிறகு அதற்கடுத்தது. ஒரு மனிதர் மெதுவாக நடந்துவரும் வேகத்தில் அவை ஒவ்வொன்றாக என்னை நோக்கி வந்தன.

என் தலைக்கு மேலிருந்த விளக்கு அணைந்தது.

காதோரம் மூச்சு பட்டது.

"நீ பாக்கப் போறியா?"

கையிலிருந்த இதழ்களைக் கீழே போட்டேன்.

"நான் பாக்கலையே... தம்பி, நான் இன்னும் பாக்கலையே..."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் ஓடியிருப்பேன். அதில் இருந்தது பொறாமை. பக்கத்துக் கட்டிலில் படுத்து நான் விழுங்கிய அதே கசப்பு. அதனால்தான் கால் நகரவில்லை. முருகா முருகா என்றபடி அங்கேயே மண்டியிட்டு அழுதேன்.

அன்று மாலை வெங்கட்ராமன் சாரிடம் எல்லாம் சொன்னேன்.

"இதைச் சொல்ல இவ்வளவு நாளா, விஜி?"

"பொறாமை சார்."

சார் மரத்தடியில் அம்மையப்பன் பெயரை எழுதிவைக்கச் சொன்னார். "மிச்சத்தை அவன் செஞ்ச மாதிரியே வெட்டி முடி. முடிச்சா நீயே போய்ட்டு வா. இதை இனிமே யாராவது ஒழுங்காச் செய்யணும்ல?"

முடித்தேன். மூன்று வாரம், மதியமெல்லாம் தனியாக. சத்தம் எதுவும் வரவில்லை. நல்லது, போய்விட்டார் என்று நினைத்தேன்.

ஜப்பான் விமானத்தில் எனக்கு ஜன்னல் சீட் போட்டிருந்தார்கள். பக்கத்துச் சீட்டுக்கு யாரும் வரவில்லை. என்ன தோன்றியதோ, எழுந்து அந்தப் பக்கத்துச் சீட்டுக்கு மாறினேன்.

"ஜன்னல்ல நீங்க உக்காருங்கண்ணே" என்று வாய்க்குள் சொன்னேன். உயிரோடிருந்தபோது அவருக்கு நான் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை.

இறங்கும்போது நல்ல வெயில். முன்சீட்டுக்காரர்கள் ஜன்னலைக் காட்டி ஏதோ வியந்தார்கள். கீழே ஓர் ஆற்றின் இரு கரையும் பூத்திருந்ததாம். எனக்கும் எட்டிப் பார்க்க ஆசைதான். பார்க்கவில்லை.

காலியாக இருந்த சீட்டுக்கு அப்பால், ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்தது. மெல்ல மறைந்தது. மறுபடி படிந்தது.

தரையைத் தொடும்வரை அந்த மூச்சு நிற்கவில்லை.