உப்புப் பள்ளத்தாக்கின் மூன்று மேடுகள்

"உப்புப் பள்ளத்தாக்குக்கா? அங்கே கழுகுகூடப் போகாது" என்றாள் நோரா கீகன். அமெரிக்க மேற்கின் ரெட்வெல் ஊரில் கோவேறு கழுதைகளை வாடகைக்கு விடுபவள் அவள் ஒருத்திதான்.

ரயில் வந்த கையோடு வெள்ளிச் சுரங்கமும் வந்து, ஊரில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் ரயில் கூலிகளுக்குச் சமைத்துப் போடும் சீனத்து இளைஞன் லெங்கோடு பேசத்தான் ஒரு நாதி இல்லை. நோராவும் அப்படித்தான். புருஷனைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, கழுதைகளோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"என் அண்ணனோடது அங்கே புதைஞ்சு கிடக்கு. நாளைக்குச் சாயங்கால ரயிலுக்குள்ள எடுத்தாகணும்" என்றான் லெங்.

வெள்ளிதான் என்று நோரா கணக்குப் போட்டாள். "நானும் வர்றேன்" என்றாள்.

உண்மை வேறு. தண்டவாளம் போடும்போது பாறை வெடித்து இறந்தவன் அவன் அண்ணன் வெய். தோழர்கள் அங்கேயே புதைத்தார்கள். அவர்கள் வழக்கப்படி அது கடைசிக் குழி இல்லை. சில வருஷம் கழித்து எலும்பைத் தோண்டி, கழுவி, கப்பலேற்றிப் பெற்றவளிடம் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஆவி அந்நிய மண்ணில் அநாதையாக அலையும். எலும்புகளைச் சேகரிக்கும் பெரியவர் டாங் அந்த ரயிலில்தான் போகிறார். மறுபடி எப்போது வருவாரோ, தெரியாது.

விடியற்காலையில் கிளம்பினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. உப்பு பூத்த தரையில் கால் வைக்காமல் கழுதைகள் முரண்டு பிடித்தன. ஒருவழியாகக் காய்ந்த ஆற்றங்கரையை அடைந்ததும் லெங்குக்குப் பகீரென்றது. மேடுகள் மூன்று இருந்தன; மற்ற இரண்டும் பின்னால் செத்த கூலிகளுடையவை போலும். பெயர்ப் பலகைகளை யாரோ குளிர்காய எரித்திருந்தார்கள்.

முதல் மேட்டைத் தோண்டினான். எலும்பைப் பார்த்ததும் நோராவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதுக்கா என்னை இழுத்துட்டு வந்தே? முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களாம்மா?"

வந்திருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும். பேச்சை மாற்ற மலைப்பக்கம் திரும்பியவள் திடுக்கிட்டாள். அங்கே வானம் கறுத்திருந்தது.

"மலையில மழை கொட்டுது. வெள்ளம் இறங்கப் போகுது. கிடைச்சதை எடுத்துட்டுக் கிளம்பு, எது யாருதுன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

"அண்ணனுக்குத் தெரியுமே" என்றபடி லெங் அடுத்த மேட்டில் மண்வெட்டியைப் போட்டான்.

நோரா திட்டிக்கொண்டே மூன்றாவது மேட்டுக்கு ஓடினாள். திரும்ப எடுப்பதற்கென்றே தோண்டிய குழிகள் அதிக ஆழம் இருப்பதில்லை. அந்த வழக்கம் அன்று கைகொடுத்தது. கையில் அகப்பட்ட சாக்கில் அள்ளிப் போட்டார்கள். மேலே இரைச்சல் கேட்டது. கழுதைகளை இழுத்துக்கொண்டு பாறையில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது கரையே இல்லை. செம்மண் வெள்ளம்தான் ஓடியது.

அப்போதுதான் லெங் சாக்குகளைப் பார்த்தான். அவசரத்தில் மூன்று பேரும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள்.

ரயில் கிளம்பும் நேரத்துக்கு நிலையம் வந்து சேர்ந்தார்கள். டாங் சாக்கைப் பிரித்துப் பார்த்து, முடியாது என்று தலையை ஆட்டினார். ஒருவர் எலும்பு இன்னொருவரோடு சேரவே கூடாது என்பது அவர் தொழிலின் முதல் விதி.

"கலந்துபோனதை நான் எந்தத் தாய்கிட்டத் தம்பி குடுக்கறது?"

"என் அம்மாகிட்டக் குடுங்க ஐயா. எது தன் பிள்ளைன்னு அவளுக்கும் தெரியப்போறதில்ல. மூணு பேருக்கும் சேர்த்து அழுவா."

டாங் பிரித்த சாக்கின் வாயைத் திரும்பக் கட்டினார். பிறகு சாக்குகளை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

ரயில் போய்விட்டது. ஒருவனைத் தேடிப் போய் மூவரைக் கரையேற்றியாயிற்று. ஆனாலும் லெங்குக்கு அழுகை வந்தது. இனி இந்த ஊரில் மண்ணுக்கடியில்கூட அவனுக்கென்று ஒருவர் இல்லை.

நோரா போகாமல் பக்கத்திலேயே நின்றாள். "என் புருஷன் இன்னும் சுரங்கத்துக்குள்ளதான் கிடக்கான்" என்றாள். "எங்க இருப்பான்னு எனக்கு ஒரு குத்துமதிப்பாத் தெரியும். மண்வெட்டியை எடுத்துட்டு வர்றியா?"