மேசையில் ஓடிய முள்

கழற்றி மேசையில் வைத்த ஸ்பீடோமீட்டரின் முள் இருபதுக்கு ஏறியிருந்தது.

பூபாலசிங்கம் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். கியர்பெட்டியிலிருந்து வரும் கேபிள் சுழன்றால்தான் அந்த முள் அசையும். கேபிளோ காருக்குள் தொங்கியது. கார் கட்டைகளின் மேல், சக்கரம் நிலத்தில் படாமல் நின்றது. மின்சாரம் தரும் பற்றறியைக்கூடக் கழற்றி மூலையில் வைத்திருந்தார். கண்ணாடியை விரலால் தட்டினார். முள் நாற்பதுக்குப் போனது.

பழைய ஒஸ்ரின் கார் அது. மாளிகாவத்தை ஷரீப் நானா மகளின் கல்யாணத்துக்கென்று ஏலத்தில் எடுத்து, வெண்ணெய் நிறம் அடித்து, காலையில்தான் கொட்டாஞ்சேனையில் பூபாலசிங்கத்தின் கராஜுக்குத் திருத்தக் கொண்டுவந்து விட்டிருந்தார். "வண்டி சும்மா நிண்டுட்டு ஈக்குது, முள்ளு மட்டும் ஓடுது. பொழுது பட்டாத்தான் இந்தக் கூத்து" என்று சொல்லிச் சிரித்தார்.

ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த அந்த வருஷம் கொழும்பில் பயப்படாத தமிழன் யார்? ஆனாலும் பூபாலசிங்கத்துக்குப் பயம் சாப்பாடு மாதிரி, நேரத்துக்கு நேரம் வேண்டும். மனைவி றஞ்சிதம் அதைச் சொல்லியே அவரைக் கேலி செய்வாள். அதெல்லாம் முன்பு. வெள்ளவத்தையில் ரியூஷன் முடிந்து வந்த அவளுடைய தம்பி கேதீஸைச் சாம்பல் நிறப் பழைய கார் ஒன்று ஏற்றிக்கொண்டு போனது. பின்சீற்றில், நடுவில் இருத்தினார்கள் என்று பெட்டிக்கடைக்காரன் சொன்னான். அவள் ஏறாத படியில்லை, வைக்காத நேர்த்தியில்லை. கடைசியில், தம்பி வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக்கூடாதென்று வீட்டிலிருந்த எல்லாத் தாழ்ப்பாளையும் கழற்றி எறிந்துவிட்டாள்.

மின்வெட்டு நேரம். மண்ணெண்ணெய் விளக்கின் புகையும், தின்னர் மணமும், துறைமுகப் பக்கமிருந்து வந்த உப்புக் காற்றும் கராஜுக்குள் கலந்து கிடந்தன. சுவருக்கு அப்பால் குசினியில் றஞ்சிதம் தேங்காய் துருவும் சத்தம் நின்று நின்று கேட்டது. அதற்கும் அடியில், காதை வைத்துக் கேட்டால் மட்டும் தெரிகிற மாதிரி, எங்கோ தூரத்தில் ஓர் எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

முள் இறங்கத் தொடங்கியது. மெல்ல மெல்ல இறங்கிப் பூச்சியத்தில் நின்றது. அதே கணம் காருக்குள் விளக்கு எரிந்தது.

சோதனைச் சாவடி வந்தால் வேகத்தைக் குறைத்து, முன்விளக்கை அணைத்து, உள்விளக்கைப் போட வேண்டும். கொழும்பில் கார் ஓட்டுகிற எவனுக்கும் கை தானாகவே அதைச் செய்யும்.

பின்சீற்றில் ஆளில்லை. ஆனால் ரெக்சீன் மூன்று இடத்தில் அமுங்கியிருந்தது.

விளக்கு அணைந்தது. முள் மறுபடி ஏறியது.

ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்து டாஷ்போர்டின் ஓரத்தைச் சுரண்டினார். வெண்ணெய் நிறம் உரிந்தது. அடியில் சாம்பல் நிறம்.

"இஞ்சேருங்கோ," குசினியிலிருந்து றஞ்சிதம் கேட்டாள். "கார் சத்தம் கேக்குதே?"

"ஒண்டுமில்லை. நீ இஞ்ச வராத!"

"ஏன் கத்துறியள்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

அவள் இதைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் போய்விடுவாள். தம்பி என்றால் நெருப்புக்குள்ளும் இறங்குவாள். அவருக்கு இந்த உலகத்தில் இருப்பது அவள் ஒருத்திதான். குசினிக் கதவுக்கு ஓடிப்போய்ச் சாத்தினார். கை தாழ்ப்பாளைத் தேடியது. நாலு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.

மேசையைப் பார்த்தார். முப்பது. பத்து. பூச்சியம்.

விளக்கு.

நடுவில் கேதீஸ். ரியூஷனுக்குப் போன அன்று போட்டிருந்த அதே கோடு போட்ட சேட். இரண்டு பக்கமும் இரண்டு பேர். முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு.

முதுகில் கதவு இடித்தது. அவர் தள்ளினார். அவளும் தள்ளினாள். அவளுக்குத்தான் பலம் இருந்தது.

"தம்பி!"

"றஞ்சி, அது அவனில்லை. போகாத."

"விடுங்கோ! என்ர பிள்ளை இருக்கிறான். ராசா, அக்கா வந்திட்டனடா."

கையைப் பிடித்தார். தேங்காய்ப்பால் ஈரம். வழுக்கியது. அவள் பின்கதவைத் திறந்தாள். ஏறினாள். கதவு சாத்திக்கொண்டது. அவளும் சாத்தவில்லை, அவரும் சாத்தவில்லை.

விளக்கு அணைந்தது.

மண்ணெண்ணெய் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கண்ணாடிக்குள் யாருமில்லை. ரெக்சீனில் இப்போது நாலு குழிகள். நிலத்தில் அவளுடைய ஒற்றைச் செருப்பு.

மேசையில் முள் ஏறியது. நாற்பது. அறுபது.

அடுத்த சாவடியில் நிற்கும். உள்விளக்கைப் போடுவார்கள். கதவைத் திறந்து அவளை இழுத்துவிடலாம். பின்கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, அவர் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முள் இறங்கவில்லை.