சாய்மானம்

முதலில் அவளுக்குத் தட்டுப்பட்டது சூடுதான். மழை மூட்டம் போட்ட மத்தியானம். வெயில் தலைகாட்டவே இல்லை. மாவுக்கட்டுப் போட்ட வலது காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு வெகுநேரம் நாற்காலியில் இருந்தவள், இடுப்பு கடுக்கத் தொடங்கியதும் சோபாவுக்கு மாறலாமென்று ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, மெத்தையில் கையை வைத்தாள். காலையிலிருந்து யாரும் உட்காராத அந்த இடம், இப்போதுதான் ஒருவர் எழுந்து போனதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்தில் தொட்டாள். குளிர்ச்சி. இன்னும் தள்ளித் தொட்டாள். அங்கேயும் குளிர்ச்சிதான். ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு, அந்த ஓரம் மட்டும் உடம்புச் சூடு.

அவள் திரும்ப நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

சோபா வீட்டுக்கு வந்ததே அவளுக்காகத்தான். மாடிப்படியில் ஈரத்தில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டபின், மேலே இருக்கும் படுக்கையறை அவளுக்கு எட்டாத இடமாகிவிட்டது. கட்டட வரைபடம் போடும் அவள் கணவனுக்கோ பழைய சாமான் என்றால் உயிர். "இத்தாலிக்காரன் செஞ்சது. நம்ம அம்மா வயசு இருக்கும். ஆனா அழகைப் பாரு" என்று, புதுப்பித்துக் கொடுப்பவரின் பட்டறையிலிருந்து ஏற்றி வந்துவிட்டான். மான் கால் மாதிரி மெல்லிய இரும்புக் கால்கள், நுனியில் பித்தளைப் பூண், கடுகு நிறத்தில் புதுக் கம்பளித் துணி. ஓரத்து வாரை இழுத்தால் முதுகுப் பகுதி டக், டக்கென்று படிப்படியாகச் சாய்ந்து, இருக்கையோடு ஒன்றாகி, இரண்டு பேர் படுக்கும் கட்டிலாகிவிடும். நிமிர்த்தினால் மறுபடி சோபா. ஹாலுக்கே ஒரு களை வந்துவிட்டது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

அதில் படுத்த முதல் இரவுகளில் அவள் தூங்கிய தூக்கம் பிறந்ததிலிருந்து தூங்காத தூக்கம். கால்வலிகூடத் தெரியவில்லை. காலையில் எழுந்திருக்க மனமே வராது. உடம்பைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். ஒட்டிய ஸ்டிக்கரை உரிப்பதுபோல. வலி மாத்திரையின் வேலை என்று நினைத்திருந்தாள்.

இப்போது, மழையிருட்டில், அந்தச் சூட்டைத் தொட்ட கையை நைட்டியில் துடைத்தபடி இருக்கும்போது, சோபாவின் முதுகு ஒருமுறை சத்தமிட்டது. டக்.

யாரும் வாரைத் தொடவில்லை.

சத்தங்களோடு வாழ்பவள் அவள். ஆஸ்பத்திரியில் செவித்திறன் சோதிக்கும் வேலை. நாள் முழுக்கச் சத்தம் புகாத கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து, "கேட்டா கையத் தூக்குங்க" என்று சொல்லிச் சொல்லியே வாய் தேய்ந்தவள். கேட்கிறதா இல்லையா என்ற விளிம்பில் நிற்கும் சத்தம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த ஹாலில் மழைக்குக் கீழே, ஃபிரிட்ஜின் உறுமலுக்குக் கீழே, சுவர்க் கடிகாரத்துக்கும் கீழே அப்படியொன்று இருந்தது. நீளமாக உள்ளே போவது. சற்று நிற்பது. வெளியே வருவது. காய்ச்சலில் கிடந்தவரின் தலையணை மாதிரி ஒரு வாசனையும் கூடவே வந்தது.

அவள் கை அவளை அறியாமல் மேலே உயர்ந்திருந்தது.

சாயங்காலம் கணவன் வந்ததும் சொன்னாள். அவன் சிரித்தான். "குறட்டை விடுதா? அப்ப நமக்குச் சரியான ஜோடிதான்." சொல்லிக்கொண்டே அதில் சாய்ந்தான். சட்டை பட்டன்கூடக் கழற்றவில்லை, பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போனான். அவள் எதிரே உட்கார்ந்து கவனித்தாள். அவன் மூச்சு வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, அரை நொடி தள்ளி, இன்னொரு மூச்சும் வந்தது.

"என்னங்க."

அவன் அசையவில்லை. உலுக்கி எழுப்ப அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. எழுந்தவன் முகத்தில் துணியின் வரிகள் ஆழமாகப் பதிந்திருந்தன. "ஏன் எழுப்புன?" என்று கேட்ட குரலில், அவள் இதுவரை கேட்டறியாத ஒரு வெறுப்பு இருந்தது.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் பட்டறைக்காரருக்குப் போன் செய்தாள்.

"சொல்லுங்கம்மா. துணி பிடிக்கலையா?"

"அதெல்லாம் இல்லண்ணே. உள்ள ஸ்பிரிங் ஏதாவது லூசா இருக்குமா? சத்தம் வருது."

"ஸ்பிரிங்கே கிடையாதும்மா. துருப்பிடிச்சுக் கிடந்துச்சு, எல்லாத்தையும் எடுத்துட்டேன். உள்ள வெறும் ஃபோமும் பெல்ட்டும்தான்." பட்டறை இரைச்சலைவிட்டுத் தள்ளி வந்தார் போலிருந்தது. பிறகு தணிந்த குரலில் கேட்டார். "என்ன மாதிரி சத்தம்?"

அவள் சொன்னாள்.

"பிரிக்கும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சும்மா. பழைய துணி ஒண்ணுக்குள்ள ஒண்ணா நாலஞ்சு அடுக்கு. கடைசித் தையல எப்பவும் வெளிய இருந்துதான் போட முடியும். வேற வழியே கிடையாது. இதுல ஒவ்வொரு அடுக்கும் உள்ள இருந்து இழுத்து முடிச்சுப் போட்டிருந்துச்சு. வெளிநாட்டு வேலை, நமக்குத் தெரியாத வித்தைன்னு விட்டுட்டேன்."

"ஏண்ணே அன்னிக்கே சொல்லல?"

"இதப் போயி எப்படிம்மா சொல்றது? விடுங்க, நாளைக்கு நானே வண்டியோட வந்து எடுத்துக்கிறேன். அதுவரைக்கும் யாரும் அதுல தூங்க வேணாம்."

அன்று ராத்திரி அவள் நாற்காலியைவிட்டு நகரவில்லை. எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் கணவன் சோபாவை விரித்துப் படுத்தான். விடியும்வரை இரண்டு மூச்சையும் பிரித்துப் பிரித்துக் கேட்டபடி அவள் விழித்திருந்தாள். விடியும் சமயத்தில் அவளால் பிரிக்க முடியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

மறுநாள் பட்டறைக்காரர் வரவில்லை. மத்தியானம் போன் செய்தாள்.

"சார் காலையில பேசினாரேம்மா. வர வேணாம்னுட்டாரு. நீங்க மாத்திரை சாப்பிட்டு ஏதோ உளர்றீங்கன்னு..." அவர் குரலில் சங்கடம் தெரிந்தது. சங்கடத்தைவிட நிம்மதி அதிகமாகத் தெரிந்தது.

போனை சார்ஜில் போட்டுவிட்டு அவள் நாற்காலிக்குத் திரும்புவதற்குள் நாத்தனார் வந்துவிட்டாள். பேக்கரியில் வேலை பார்ப்பவள். ஊர் எழுமுன் அடுப்பு மூட்டி, ஊர் சாப்பிடும் நேரத்தில் தூக்கம் சொக்கும் கண்ணோடு வெளியே வருபவள். அண்ணியின் கால் முறிந்ததிலிருந்து தினமும் வந்து பாத்திரம் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். முழங்கையில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. வேலையை முடித்தவள், வழியில் இடித்த ஊன்றுகோலை எடுத்துச் சோபாவின் கைப்பிடியில் சாய்த்து வைத்துவிட்டு, விரித்தே கிடந்த மெத்தையில் பொத்தென்று விழுந்தாள்.

"அதுல படுக்காத. எழுந்திரு."

"ஏன் அண்ணி, அண்ணனோட பொக்கிஷம் அழுக்காயிடுமா?" கண்ணை மூடியபடியே சிரித்தாள். "அஞ்சே நிமிஷம். முதுகு விண்டு போகுது."

"சொன்னாக் கேளு. மாடியில போயிப் படு."

அதற்குள் நாத்தனார் தூங்கிவிட்டாள்.

மழை வலுத்தது. ஹாலின் மூலைகள் ஒவ்வொன்றாக இருண்டன. ஊன்றுகோல் மெல்லச் சரிந்து தரையில் விழுந்து, உருண்டு, சோபாவுக்கு அடியில் போய் நின்றது.

டக்.

மெத்தையின் தலைப்பக்கம் கொஞ்சம் உயர்ந்தது. தானாக.

"ஏய். எழுந்திரு. எழுந்திருடி."

டக். கால்பக்கமும் உயர்ந்தது. நடுவில் நாத்தனாரின் உடம்பு, தொட்டிலில் கிடப்பதுபோல் பள்ளத்தில் இறங்கியது. முழங்கால்கள் வயிற்றுப் பக்கம் மடங்கின. அவள் முகத்தில் வலி இல்லை. சுகமாகப் புரண்டு படுப்பவளின் முகம்.

நாற்காலியில் இருந்தபடியே அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். மழை அதை விழுங்கியது.

"இன்னும் கொஞ்ச நேரம் அண்ணி" என்றாள் நாத்தனார், தூக்கத்தில்.

நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தாள். மாவுக்கட்டு தரையில் மோதியதில் கண் இருண்டது. முழங்கையை ஊன்றி இழுத்தாள். இன்னும் ஓர் இழுப்பு. சோபாவுக்கு வெளியே தொங்கிய கை மட்டும் தெரிந்தது. மாவு ஒட்டிய கை. எட்டிப் பிடித்தாள். சூடாக இருந்தது. இழுத்தாள். அந்த விரல்கள் அவள் விரல்களை ஒருமுறை அன்போடு அழுத்தின.

பிறகு விட்டன.

டக்.

சோபா நிமிர்ந்து நின்றது. கடுகு நிறத் துணியில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

எவ்வளவு நேரம் தரையில் கிடந்தாளோ தெரியாது. கதவு திறந்து, கணவன் ஓடி வந்து பக்கத்தில் மண்டியிட்டது தெரிந்தது.

"ஐயோ, விழுந்துட்டியா? அவ எங்க, உன்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டாளா?"

"அதுக்குள்ள இருக்கா." அவளுக்குக் குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. "அதைக் கிழிங்க. கத்தி எடுத்துட்டு வந்து கிழிங்க. உள்ள இருக்கா."

"சரி, சரி. பதறாத." நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "உடம்பு கொதிக்குது உனக்கு." குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் பூப்போலத் தூக்கினான். எங்கே கொண்டுபோகிறான் என்று புரிந்ததும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தோளில் அடித்தாள். அவன் பொறுமையாக அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவளைச் சோபாவில் கிடத்தி, கட்டுக் காலைக் கைப்பிடிமேல் தூக்கி வைத்தான்.

"இரு, அவகிட்டக் கேப்போம்" என்று போனை எடுத்தான்.

அவள் இடுப்புக்கு அடியில், துணிக்கு அடியில், ஆழத்தில் ஒன்று அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

பிறகு நின்றுவிட்டது.

"ஹலோ? எங்க இருக்க நீ... என்னது? சத்தமாப் பேசு... சரி சரி, தூங்கு." போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். முகத்தில் நிம்மதி. "படுத்திருக்காளாம். ரொம்ப சுகமா இருக்காம். உன்னையும் நல்லாத் தூங்கச் சொன்னா."

அவள் வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை. எழுந்திருக்கச் சொன்னால் கையும் காலும் கேட்கவில்லை. வலி எங்கோ போய்விட்டது. வெதுவெதுப்பு மட்டும், நாலாப் பக்கமும்.

அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். கொட்டாவி விட்டான். தலை அவள் தோளில் சாய்ந்தது.

டக்.

அவன் மூச்சு வந்தது. கீழே இன்னொரு மூச்சு. அதற்கும் கீழே, மெல்லியதாக, புதிதாக ஒன்று.

அவள் முதுகுக்கு அடியிலிருந்து, கம்பளித் துணிக்கு உள்பக்கமாக, ஓர் உள்ளங்கை மேலே வந்து அழுந்தியது. தூளியில் கிடக்கும் பிள்ளையைத் தட்டுவதுபோல், அவசரமே இல்லாமல், அவளைத் தட்டிக்கொடுக்கத் தொடங்கியது.