அந்த நாலாவது ஆள் எதுக்கு?

டைரக்டரின் மச்சினன் வாடகைக்கு எடுத்திருந்த எடிட்டிங் அறை ஒரு பழைய வீட்டின் பின்பக்கம் இருந்தது. கேட்டைத் திறந்து, வீட்டுக்கார அம்மாவின் துணிக்கொடிக்குக் குனிந்து, ஈரச்சுவர் வாடை அடிக்கிற நடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த நடையைத் தாண்டியபோது டைரக்டருக்குப் பேய் பயம் எதுவும் இல்லை. பார்வையாளர்கள் மேல் ஆத்திரம்தான் இருந்தது.

டைரக்டர் என்பது மனைவி கிண்டலுக்கு வைத்த பெயர். ஆறு வருடம் அதைச் சுமந்த பிறகு போன மாதம்தான் அது உண்மையானது. காட்டில் வழி தவறிப்போகும் மூன்று நண்பர்களைப் பற்றி அவர் எடுத்த ‘மூவர் மட்டும்’ என்ற திகில் படம் இணையத்தில் ஒரு தளத்தில் வெளியானது. வெளியான நாளிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். இரண்டுக்குக் கீழே ஒரு மாதம் கிடந்தால் படத்தைத் தூக்கிவிடுவார்கள், அது தளத்தின் விதி. தூக்கினால் பெரியப்பாவின் டைல்ஸ் கடையில் போய் நிற்பதாக அவர் மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். திருத்திய பிரதி அனுப்ப ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குள். அனுப்பினால் அதற்கு நட்சத்திரத்தை முதலிலிருந்து எண்ணுவார்கள்.

“வாசிடா. திட்டுறதுல எதையாவது சரி பண்ண முடியுதான்னு பார்ப்போம்,” என்றார்.

படத்துக்குக் கேமரா, எடிட்டிங், ஜீப் ஓட்டியது எல்லாமே மச்சினன்தான். கம்ப்யூட்டரைப் பார்த்துக் கடனே என்று வாசித்தான்.

“‘ஒன்றரை மணி நேரம் மரத்தையே காட்டினா பயம் வருமா? எனக்குத் தூக்கம்தான் வந்துச்சு.’”

“அடுத்தது.”

“‘பேய் வரும் வரும்னு உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் முடிஞ்சு எங்க வீட்டுக்காரரே வந்துட்டாரு, பேய் வரல.’”

“பேய் கண்ணுக்குத் தெரியக் கூடாதுங்கறதுதான்டா கதையே! நாலு நிமிஷம் பொறுமையா உட்காரத் துப்பில்ல, வந்துடறாங்க கருத்து சொல்ல. அடுத்தது.”

“‘படத்துப் பேரு மூவர் மட்டும். வர்றது நாலு பேரு. எண்ணத் தெரியாதவங்க எல்லாம் படம் எடுக்க வந்துட்டாங்க.’”

“எந்தக் குருடன்டா அது?”

மச்சினன் பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனான். முகத்திலிருந்த சலிப்பு எங்கோ போயிருந்தது.

“ஒருத்தர் இல்ல மாமா. நிறைய பேர் சொல்றாங்க.”

டைரக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே வாசித்தார். ‘அந்த நாலாவது ஆள் எதுக்கு? கதைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்ல.’ ‘இடது ஓரத்துல சாம்பல் சட்டை போட்டு ஒருத்தர் நிக்கிறாரே, அவருக்குப் பேராவது வைக்கக் கூடாதா?’ ‘எரிச்சலா இருக்கு. அவர் கண்ணைச் சிமிட்டவே மாட்டேங்கிறார்.’ வேறு வேறு நாள், வேறு வேறு ஆட்கள். முன்பும் இவை அவர் கண்ணில் பட்டிருக்கும். திட்டு என்று தெரிந்ததுமே மூடிவிடுகிற பழக்கத்தில் முழுதாக வாசித்ததில்லை.

கடைசியாக ஒன்று.

‘அவர் படம் முழுக்கப் பேசிக்கிட்டே இருக்கார். வாய் அசையுது, சத்தம் வரல. டப்பிங் பண்ண மறந்துட்டீங்களா?’

“எல்லாரும் சேர்ந்துக்கிட்டு விளையாடுறானுங்க,” என்றார் டைரக்டர். குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

மச்சினன் படத்தை ஓட்டினான். கூடாரத்துக்கு முன்னால் நெருப்பு. வலது பக்கம் தாடிக்காரர், நடுவில் கதாநாயகி, பக்கத்தில் ஒல்லிப் பையன். மூன்று பேர். இடது ஓரத்தில் இருட்டும் ஒரு மரமும், அவ்வளவுதான். நிறுத்திப் பார்த்தார்கள், பெரிதாக்கிப் பார்த்தார்கள். இருட்டைப் பெரிதாக்கினால் பெரிய இருட்டுதான் தெரிந்தது.

ஆனால் அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

முதலில் கதை நாலு பேருக்குத்தான் எழுதப்பட்டது. நாலாவதாக நடிக்க வேண்டிய நாடக நடிகர் கிளம்புவதற்கு முதல் நாள் வரமாட்டேன் என்று கைவிரித்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் கதையை மாற்றியிருப்பார்கள். டைரக்டரோ பிடித்த பிடியை விடாதவர். ஒவ்வொரு ஷாட்டையும் நாலு பேருக்காகப் படம் வரைந்து வைத்திருந்தார், மறுபடி உட்கார்ந்து வரைய அவருக்கு மனம் வரவில்லை. “அவர் இடத்தை அப்படியே விட்டு எடுப்போம். வேற ஆளைப் பிடிச்சுத் தனியா எடுத்து ஒட்டிக்கலாம்,” என்றார்.

அப்படித்தான் எடுத்தார்கள். தலை உயரத்துக்கு ஒரு கம்பை நட்டு அதில் சிவப்புத் துணி கட்டுவார்கள். மூவரும் பார்வையைப் பழகிக்கொண்டதும் கம்பைப் பிடுங்கிவிட்டு கேமரா ஓடும். வெறும் இடத்தைப் பார்த்துப் பேச வேண்டும், பதிலுக்கு நாலு எண்ணும் வரை காத்திருக்க வேண்டும், பிறகு தலையாட்ட வேண்டும். “வாங்க, பின்னாடி நின்னுடாதீங்க” என்று காட்டுக்குள் அந்த இடத்தைக் கூப்பிட்டுக்கொண்டே நடக்க வேண்டும்.

பதினோரு நாள் கூப்பிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் கதாநாயகி நாலு எண்ணாமலேயே சரியான நேரத்துக்குத் தலையாட்டினாள். நன்றாக நடிக்கிறாள் என்று டைரக்டர் கைதட்டினார். கடைசியில் வேறு நடிகர் கிடைக்கவே இல்லை. நாலாமவனின் வசனங்களை வெட்டி எறிந்து, ‘மூவர் மட்டும்’ என்று பெயரை மாற்றி வெளியிட்டார்கள். இடம் மட்டும் அப்படியே இருந்தது.

“நாம எடுத்தவங்க மாமா. அங்க ஆளில்லன்னு நமக்குத் தெரியும். தெரியாதவங்க யாரையாவது பார்க்க வைப்போம்,” என்றான் மச்சினன்.

வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து நிறுத்தி வைத்த காட்சியை எட்டிப் பார்த்தார்.

“எத்தனை பேர் இருக்காங்கம்மா?”

“இதைக் கேக்கத்தான் கூப்பிட்டீங்களா? நாலு பேரு.”

மச்சினன் சட்டென்று திரையைத் திரும்பிப் பார்த்தான்.

“அந்த ஓரத்து ஆளுக்கு ஒழுங்கா சாப்பாடு போட்டீங்களா இல்லையா?” என்றார் அவர். “பாவம், தலையெல்லாம் நனைஞ்சு, எப்படி இளைச்சுப்போய் நிக்கிறாரு பாருங்க.”

காட்சியில் மழை இல்லை.

அவர் போன பிறகு மச்சினன் திரையை அணைத்தான். டைரக்டருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கும் மேலே எரிச்சல் பொங்கியது. ஆறு வருட உழைப்பு, கொசுக்கடி, வீட்டில் வாங்கிய பேச்சு. அத்தனையையும் கூப்பிடாமல் வந்து நின்ற ஒருத்தன் கெடுப்பதா?

“அவனைத் தூக்கிடு,” என்றார்.

“கண்ணுக்கே தெரியாத ஆளை எப்படித் தூக்குறது?”

“இடத்தை வெட்டு. எல்லா ஷாட்டையும் பெருசாக்கு, இடது பக்கம் மொத்தமும் ஃபிரேமுக்கு வெளியே போகணும். இடம் இருந்தாத்தானே நிப்பான்?”

அந்த நாள் முழுக்கவும் மறுநாள் காலையிலும் ஷாட் ஷாட்டாக வெட்டினார்கள். பதினொன்றரைக்கு வீட்டுக்கார அம்மாவை மறுபடி அழைத்து அங்கங்கே ஓட்டிக் காட்டினார்கள். “இப்ப மூணு பேருதான்,” என்றார் அவர். “அவரை எங்க அனுப்பினீங்க?” டைரக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் பிரதி தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மாலை நாலு மணிக்கு நட்சத்திரம் இரண்டைத் தாண்டியது. ஐந்து மணிக்கு மூன்று. டைரக்டர் வீட்டு சோபாவின் வலது மூலையில் கால் மேல் கால் போட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேய்ப் படம் என்றாலே ஓடிப்போகிற மனைவிகூட மனம் இரங்கியிருந்தாள். பாடம் நடத்தும் பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்தவள், “உங்க படத்தை நானும் பார்க்கப் போறேன், என்ன ஆனாலும் சரி,” என்று தன் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். உள்ளேயிருந்து ‘வாங்க, பின்னாடி நின்னுடாதீங்க’ என்ற கதாநாயகியின் குரல் கேட்டபடி இருந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு அந்த வீட்டில் நெஞ்சு நிமிர்ந்தது.

ஆறேகாலுக்கு நாலரை நட்சத்திரம்.

‘இதுதான்யா படம்!’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘மூணு பேரும் திரைக்கு வெளிய பார்த்து யாரையோ வாங்க வாங்கன்னு கூப்பிடுறப்போ உதறிடுச்சு.’

அடுத்ததும் ஐந்து நட்சத்திரம்தான்.

‘படம் சூப்பர். ஒரு சந்தேகம். முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சு, அவர் இன்னும் எங்க வீட்டுக் கதவுக்கிட்ட நிக்கிறார்.’

அதற்குக் கீழே: ‘எங்க வீட்லயுமா? இடது பக்கம்தானே?’

அதற்கும் கீழே: ‘டைரக்டர் சார், தயவு செஞ்சு பதில் போடுங்க. அவர் வாய் அசையுது. குழந்தை பயப்படுது. எப்படி அனுப்புறது?’

டைரக்டர் தள அலுவலகத்துக்குப் போன் போட்டார். படத்தை உடனே எடுத்துவிடுங்கள் என்றார். எதிர்முனைப் பெண் சிரித்துவிட்டாள்.

“என்ன சார், இன்னிக்கு முதல் இடத்துல ஓடிட்டிருக்கு, இப்போ போய் எடுக்கச் சொல்றீங்க? போன வாரம் கேட்டிருந்தா உடனே எடுத்திருப்போம்.”

போனை வைத்தார். ஹாலில் விளக்குப் போடவில்லை. ஜன்னல் வழியாகச் சாயங்கால வெளிச்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ ஈர இலைகள் மட்கும் வாடை வந்தது.

சமையலறையில் படத்தின் சத்தம் நின்றிருந்தது.

“முழுசாப் பார்த்துட்டேன்!” என்றபடி மனைவி வந்தாள். ஒரு கையில் அவருக்கு டீ, மறு கையில் தனக்கு. முகமெல்லாம் சிரிப்பு. “நிஜமாவே நல்லா எடுத்திருக்கீங்க. இனிமே டைல்ஸ் கடை பேச்சே எடுக்க மாட்டேன், போதுமா?”

“இங்க வா,” என்றார் அவர். “என் பக்கத்துல வந்து உட்காரு.”

அவள் இரண்டடி எடுத்து வைத்தாள். அவருக்கு இடது பக்கம் சோபாவில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். அங்கே பார்த்ததும் அவள் நின்றாள். சிரிப்பைச் சட்டென்று அடக்கினாள், கலைந்திருந்த முடியைக் காதோரம் ஒதுக்கினாள். கையிலிருந்த தன் டீயை இடது பக்கமாக மேஜை மேல் மரியாதையாக வைத்தாள். பிறகு அவர் காதருகே குனிந்து கடிந்துகொண்டாள்.

“ஆள் வந்திருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இன்னொரு டீ சேர்த்துப் போட்டிருப்பேன்ல?”