ஒரு வினைச்சொல்லின் எல்லை

காலை ஒன்பது மணிக்குக் கனகவல்லி கட்டுரையின் கடைசி வரியை மறுபடியும் திருத்திக்கொண்டிருந்தாள். பென்னாகரம் நீராய்வகத்தில் அவளோடு வேலை பார்க்கும் முனிரத்தினம் தேநீரை மேசைமேல் வைத்தார். கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தது.

“இன்னும் அந்த ஒரு வார்த்தைதானா?”

“அதேதான் சார்.”

முருங்கை விதையிலிருந்து அவர்கள் எடுத்த தூள், குடிநீரில் இருந்து எலும்பைக் கெடுக்கும் ஃபுளோரைடைக் குறைத்தது. பதினோரு ஊர்களில் இரண்டு வருடம் போட்டுப் பார்த்திருந்தார்கள். அதைக் கட்டுரையில் சொல்வதில்தான் சிக்கல்.

முன்பெல்லாம் அறிவியல் கட்டுரைகளை மனிதர்கள் வாசித்து, கூடிப் பேசி முடிவெடுத்தார்களாம். இப்போது வாசிப்பது வினைமானி என்ற இயந்திரம். ஆங்கிலக் கட்டுரையின் முடிவுரையில் இருக்கும் வினைச்சொல்லை அது கட்டளையாக எடுத்துக்கொள்ளும். ‘ரெட்யூசஸ்’, அதாவது ‘குறைக்கிறது’ என்று எழுதினால் அன்று மாலையே நாட்டிலுள்ள எல்லா நீர்நிலையங்களிலும் தூள் கலக்கும். ‘மே ரெட்யூஸ்’, ‘குறைக்கலாம்’ என்றால் ஐந்து வருடச் சோதனை. அதுவரை யாருக்கும் கிடையாது, அந்தப் பதினோரு ஊர்களுக்கும்கூட.

“தைரியமா எழுதும்மா. அஞ்சு வருஷத்துல பிள்ளைங்க காலெல்லாம் வளைஞ்சுபோயிடும்.”

“நமக்குத் தெரிஞ்சது பதினோரு ஊர்த் தண்ணிதான் சார். கடலோரத் தண்ணியில இது என்ன பண்ணும்னு தெரியாது. போன வருஷம் யாரோ ஒரு மருந்தைப் பத்தி ‘பிரிவென்ட்ஸ்’, தடுக்குதுன்னு எழுதி, எத்தனை பேர் ஆஸ்பத்திரியில படுத்தாங்க?”

தேநீர் ஆறிப்போனது.

“நாம கண்ணால பார்த்ததை மட்டும் சொன்னா என்ன?” என்றபடி அவள் அந்தச் சொல்லின் கடைசி எழுத்தை மாற்றினாள். ‘ரெட்யூஸ்ட்.’ குறைத்தது. கூடவே பதினோரு ஊர்களின் பெயர்களையும் சேர்த்தாள்.

“முடிவுரையில யாரும் இறந்தகாலத்துல எழுதறதில்லையே. ஏத்துக்குமா?”

“நடந்ததைத்தானே சொல்றோம்.”

அனுப்பினாள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: ‘நடந்த ஊர்களில் தொடரலாம். மற்ற ஊர்களில், நீர் ஒத்திருப்பதைச் சோதித்த பின்.’ முனிரத்தினம் அதை இரண்டு முறை வாசித்துவிட்டுச் சிரித்தார்.

செய்தி பரவியதும் பக்கத்து ஊர் வார்டு உறுப்பினர் செண்பகம் போனில் கூப்பிட்டாள். “எங்க ஊரை மட்டும் ஏன் மேடம் விட்டுட்டீங்க?”

“உங்க தண்ணியை இன்னும் பார்க்கலைங்க. இன்னைக்கே வரலாமா?”

மதியம் அந்த ஊரின் நான்கு கிணறுகளிலும் தண்ணீர் எடுத்த பிறகு, செண்பகம் வீட்டில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் போட்டார்கள். சோதனை முடிய நாற்பது நாள் ஆகும் என்று கனகவல்லி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அஞ்சு வருஷம்னுல்ல நெனச்சிருந்தோம்” என்று சொல்லி, செண்பகம் அவள் தட்டில் இன்னொரு கரண்டி கடைசலை ஊற்றினாள்.