சுத்தமான துறைமுகம்

வரிசையில் நின்ற ஒருவனின் அக்குள் கிணற்றடி மண்ணைப் போலச் சில்லென்று இருந்தது. வெயில் தகரக் கூரையை வறுத்தெடுக்கும் காலை. வியர்வையும் கார்பாலிக் கிருமிநாசினியின் நெடியும் மூச்சை அடைக்க, டாக்டருக்கு உதவியாளான டிரஸ்ஸர் ஜூசோ கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். முகத்தைப் பார்ப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. சிங்கப்பூரை ஒட்டிய அந்தக் குவாரண்டைன் தீவில் தினமும் இதே சடங்குதான். சீனத்து அமாய்த் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள் கைகளைத் தூக்கி, நாக்கை நீட்டி நிற்பார்கள். பிளேக் கட்டி இருக்கிறதா என்று அவன் தடவிப் பார்ப்பான்.

"ஒருத்தன் பொணம் மாதிரி சில்லுன்னு இருந்தான், டாக்டர்."

டாக்டர் டி ரொசாரியோ சிரித்தார். "பொணம் எங்கய்யா வரிசையில நிக்கும்? கட்டி இருந்துச்சா, அதச் சொல்லு. சந்தேகம்னா எல்லாருக்கும் மறுபடி தனிமைக் காவல். நீயும் இங்கதான் கெடக்கணும். பொண்டாட்டிக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னியே?"

முதல் பிள்ளை பிறந்து இறந்தபோதும் ஜூசோ இந்தத் தீவில்தான் அடைபட்டுக் கிடந்தான். இன்னொரு முறை அதைத் தாங்க அவனுக்குத் தெம்பில்லை.

"கட்டி இல்லீங்க."

உடனே தந்தி போயிற்று. சிங்கப்பூர் அதைக் கம்பியில்லாத் தந்தியில் சைகோனுக்கும் படாவியாவுக்கும் கொழும்புக்கும் சொல்லும்: நோயில்லை. ஒரு துறைமுகத்தின் வார்த்தையை நம்பித்தான் அடுத்த துறைமுகம் கதவைத் திறக்கும். ஜூசோவுக்குக் குற்ற உணர்வு குறுகுறுத்தது. ஆனாலும் ஊருக்குப் போக மூட்டையைக் கட்டினான்.

சாயங்காலம் படகோட்டிக் கிழவர் பாக் சமாட் துடுப்புப் போட்டபடி கேட்டார். "என்னப்பா, கையை அந்தத் தேய்ப்புத் தேய்க்கிற? தோலு உரிஞ்சிடப் போவுது."

"சில்லிப்பு போக மாட்டேங்குது, பாக்."

அவன் ஊரான மலாய்க் கம்பத்தின் படகுத்துறை நெருங்க நெருங்க, சேற்று வாடையும் கருவாட்டு வாடையும் வரவேண்டிய காற்றில் கார்பாலிக் நெடி வந்தது. நாய் குரைக்கவில்லை. பிள்ளைகளின் கூச்சலும் இல்லை. மரப்பாலத்தில் ஊரே வரிசையாக நின்றிருந்தது.

அழைத்துப்போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தான்.

இல்லை.

எல்லாக் கைகளும் மேலே. எல்லா நாக்கும் வெளியே.

வரிசையின் முதலில் மெலோர், அவன் மனைவி. வயிறு வற்றியிருந்தது. மார்பில் துணியால் கட்டிய ஒரு சிசு. அதன் கைகளும் மேலே.

"திருப்புங்க பாக்! படகத் திருப்புங்க!"

திரும்பினான். துடுப்பு தூரத்தில் மிதந்தது. பாக் சமாட் கைகளைத் தூக்கி, நாக்கை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

படகு தானாகக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. மெலோர் அவன் கைக்காகக் காத்து நின்றாள்.